இறப்பர் மரத்தில் யானைக்குட்டி

கேகாலை மாவட்டத்தில் பின்னவல யானைகள் சரணாலயம் 1975இல் ஆரம்பமானது. யானைகள் மஹா ஓயாவில் குளிக்கப் போகும் ஒழுங்கையில் மரயானை விற்கும் கடைகளைக் காணலாம். எமது தோட்டப்பகுதி இளைஞர்களும் இத்தொழிலில் இறங்கலாமே!

பால் வற்றி வெட்டப்படும் இறப்பர் மரம் அருகிலேயே உண்டு. வெளிர் நிறம், உளிக்கு இசையும். ஆனால் அறுத்த கையோடு போரிக் அமிலமும் போரக்ஸும் கலந்த கரைசலில் ஊறவைக்காவிட்டால் பூஞ்சணம் நீலமாய்ப் படரும், வண்டும் துளைக்கும். வாங்கியவர் வீட்டு அலுமாரியில் மரத்தூள் கொட்டினால் அந்த வாடிக்கை போனதுதான். பதப்படுத்தி உலர்த்திய துண்டையே கேட்டு வாங்குங்கள்.

புதியவர் படுத்திருக்கும் யானையில் தொடங்கட்டும். தும்பிக்கையும் கால்களும் உடலோடு ஒட்டியிருப்பதால் இலகுவில் உடையாது. விலை சொல்லும்போது தமது கூலியையும் சேர்க்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். உருவங்கள் விற்கத் தயங்கும் சகோதரர்கள் இலை, கரண்டி, கீ டெக் செதுக்கலாம். அதே மரம், அதே உளி.