சில்லறை யாத்திரை – 9: ஆயிரத்துக்கு முப்பது

போன வாரம் செங்டு நகரத்துத் தேநீர்க்கடை ஒன்றில் நூறு யுவான் நோட்டும் அணைந்துபோன கைபேசியுமாக உட்கார்ந்திருந்தேன். அதற்கு முந்தைய கதைக்குப் பழைய இதழ்களைப் புரட்டிக்கொள்ளுங்கள். இந்த வாரம் அதிவேக ரயில் டிக்கெட்டைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன், நடுவில் ஒரு முப்பது காசு குறுக்கே வந்து நின்றுவிட்டது.

முதலில் தேநீர்க் கணக்கைத் தீர்த்துவிடுகிறேன். தேநீர் இருபது யுவான். கடைக்கார அம்மாள் நோட்டை வாங்க மறுக்கவில்லை. மறுக்கவும் கூடாது, கடைகள் ரொக்கத்தை மறுப்பது சட்டவிரோதம் என்று சீன மத்திய வங்கி சொல்லியிருக்கிறது. மீதி எண்பது யுவானுக்குத்தான் வழியில்லை. கல்லாப்பெட்டியே இல்லாத கடையில் சில்லறை எங்கிருந்து வரும்? அந்த அம்மாள் நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கடைகள் மூன்றில் ஏறி இறங்கினார். அதே நோட்டோடு திரும்பி வந்தார்.

கடை வாசலில் வாடகை பவர் பேங்க் அடுக்கிய பெட்டி ஒன்று இருந்தது. அதிலிருந்து ஒன்றை உருவ வேண்டுமானால் கியூஆர் குறியை ஸ்கேன் செய்ய வேண்டும். ஸ்கேன் செய்யக் கைபேசிக்கு உயிர் வேண்டும். உயிர் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது! கடைசியில் அம்மாள் தன் சொந்த சார்ஜரைக் கழற்றிக் கொடுத்தார். காத்திருந்த நேரத்தில் காது குடைபவர் ஒருவர் இடுக்கியை டங்கென்று தட்டிக்கொண்டு மேசை மேசையாகச் சுற்றி வந்தார். செங்டுவில் காலாகாலமாக இருக்கும் தொழில். அன்று முழுவதும் என் காதில் விழுந்த ஒரே உலோகச் சத்தம் அதுதான். காசுச் சத்தம் அந்த ஊரில் இல்லை.

இப்போது முப்பது காசு. அன்றிரவு சாப்பாட்டுக்கு 260 யுவான் ஆயிற்று. அலிபே என்ற கைபேசிப் பணச் செயலியில் என் இந்திய விசா அட்டையை இணைத்திருந்தேன். 2023 ஜூலையிலிருந்து வெளிநாட்டு அட்டைகளுக்கு அலிபேயும் வீசாட்டும் கதவை அகலத் திறந்துவிட்டன; சீனாவில் வங்கிக் கணக்கு வேண்டாம். திரையில் வந்த தொகை 267.80. 200 யுவானுக்கு மேல் போனால் வெளிநாட்டு அட்டைக்கு நூற்றுக்கு மூன்று பிடிப்பார்களாம். நம் பழைய கடைவீதியில் இதற்கு ‘வட்டம்’ என்று பெயர். ஏழு யுவான் எண்பது போனதில் வருத்தமில்லை. நூற்றுக்கு மூன்று என்ற கணக்கை எங்கேயோ படித்திருக்கிறோமே என்றுதான் தூக்கம் போனது.

படித்தது இதே செங்டுவைப் பற்றித்தான். சோங் அரசர்கள் காலத்தில் இந்த ஊர் இருக்கும் சிச்சுவானில் புழங்கியவை இரும்புக் காசுகள். ஒரு செப்புக் காசுக்குப் பத்து இரும்புக் காசு என்று கணக்கு. பட்டு வாங்கப் போகிறவன் பணத்தைச் சுமக்கவே ஆள் பிடிக்க வேண்டும். அதனால் வணிகர்கள் இரும்பை வாங்கி வைத்துக்கொண்டு ரசீது எழுதிக் கொடுத்தார்கள். பெயர் ஜியாவ்ஸி. செங்டுவின் பதினாறு வணிகர்கள் சேர்ந்து இதை நடத்தினார்கள். பிறகு அரசே எடுத்துக்கொண்டு 1024-இல் தானே வெளியிட்டது. உலகத்தின் முதல் காகிதப் பணம் அதுதான். வணிகர்கள் நடத்திய நாளில் காகிதத்தைக் கொடுத்துக் காசாகத் திருப்பிக் கேட்டால் ஆயிரம் காசுக்கு முப்பது கழித்துக்கொண்டார்கள். ஆயிரத்துக்கு முப்பது, நூற்றுக்கு மூன்று! ஆயிரம் வருஷமாக அந்த ஊர் வட்டத்தை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிச் சிரித்துக்கொண்டேன். தற்செயல்தான். இருந்தாலும் இந்த வாரம் முழுக்க என்னைத் தூங்கவிடாத தற்செயல்.

மறுநாள் விடுதி வரவேற்பில் இருந்த பெண்ணிடம், “ஜியாவ்ஸியைப் பார்க்க வேண்டும், எங்கே போகலாம்?” என்று கேட்டேன். சிரித்தபடி எதிர்க் கடையைக் காட்டினார். போய்ப் பார்த்தால் கொழுக்கட்டைக் கடை. மாவுக்குள் பூரணம் வைக்கும் அதன் பெயரும் ஜியாவ்ஸிதான், சுரம்தான் வேறு. என் நாக்குக்கு அந்தச் சுரம் எட்டவில்லை. நான் தேடிய ஜியாவ்ஸி நகரத்தின் நிதி வட்டாரத்தில் ஒரு பெருஞ்சாலையின் பெயராக நிற்கிறது.

கொழுக்கட்டையைத் தின்றுகொண்டே யோசித்தேன். அன்று ரசீதை வாங்கிக்கொண்டவன் பதினாறு வணிகர்களை நம்பினான். அந்த அம்மாளிடம் நான் நீட்டிய நோட்டும் நல்ல நோட்டுதான். பணம் என்னிடம் இருந்தது. என்னை யாரென்று அந்த ஊருக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை. கைபேசி கண் திறந்ததும் அலிபே சொன்னது. சொன்னதற்குக் கூலி நூற்றுக்கு மூன்று.

அன்று முதல் ராத்திரிச் சாப்பாட்டுக்கு இரண்டு பில்லாகப் போட்டுத் தரச் சொல்லி வாங்கினேன்: 130, 130. வட்டம் இல்லை.

ரயில் டிக்கெட்? டிக்கெட்டே கிடையாது, பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். ஆனால் எந்த வாசலில் காட்டுவது என்பதில்தான் என் வண்டி போயிற்று. அடுத்த வாரம், கட்டாயம்.