நாற்காலியும் மாடிப்படியும் இருக்க ஜிம் எதற்கு?

“விடியற்காலை ஐந்து மணியிலிருந்து இரவு பத்து மணிவரை வீட்டு வேலைதான் செய்துகொண்டிருக்கிறேன். இதற்கு மேல் தனியாக உடற்பயிற்சி வேறா?” உடல்நலம் பற்றிய கலந்துரையாடல் எங்கு நடந்தாலும் பெண்கள் பக்கத்திலிருந்து இந்தக் கேள்வி எழுவது வழக்கம். ஆண்கள் பக்கத்துக் கேள்வி வேறு. “வேலை முடிந்து வீடு திரும்பவே எட்டு மணியாகிறது, ஜிம்முக்குப் போக ஏது நேரம்?” இரண்டு கேள்விகளுக்கும் விடை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

சிங்கப்பூர் இந்தியர்கள் இதை அலட்சியப்படுத்த முடியாது. 2010-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், 18 வயது முதல் 69 வயது வரையிலான இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. மலாய்க்காரர்களிடையே அது 16.6 விழுக்காடு, சீனர்களிடையே 9.7 விழுக்காடு. 2016-இல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் போர் தொடுப்பதாகவே அறிவித்தது. மருந்து, உணவுக் கட்டுப்பாடு பற்றி எல்லாரும் பேசுகிறோம். தசையைப் பற்றிப் பேசுவோர் குறைவு. உண்ட சோறு சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கும்போது அதில் பெரும்பங்கை எடுத்துக்கொள்வது தசைதான். அசைந்து வேலை செய்யும் தசை, இன்சுலினை அதிகம் எதிர்பாராமலேயே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கும் உடலில் இந்த வேலை மந்தமாகிவிடுகிறது.

வீட்டு வேலைக்கு மதிப்பே இல்லையா என்று கேட்கலாம். நிச்சயம் உண்டு. பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டி. மூச்சு சற்று வாங்க வேண்டும்; பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் மிதமானதற்கு அடையாளம். வீடு முழுவதும் வேகமாகக் கூட்டித் துடைத்தால் அதுவும் இந்தக் கணக்கில் சேரும். முன்பு, தொடர்ந்து பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்றிருந்தது. 2020-இல் அந்த நிபந்தனையும் எடுக்கப்பட்டுவிட்டது. மூன்று நிமிடம், ஐந்து நிமிடம் என்று சேர்த்தாலும் சரிதான்.

ஆனால் அதே வழிகாட்டி இன்னொன்றையும் சொல்கிறது. வாரத்தில் இரண்டு நாளாவது உடலின் பெரிய தசைகள் எல்லாவற்றுக்கும் வலுவூட்டும் பயிற்சி வேண்டும். வயது 65-ஐத் தாண்டியவர்களுக்கு மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சியும் வேண்டும். வீட்டு வேலை கோட்டைவிடுவது இங்கேதான். சமையல், இஸ்திரி, பாத்திரம் கழுவுதல் எல்லாம் நின்ற இடத்திலேயே நடக்கும் வேலைகள். இடுப்பு வலிக்கும், தோள் கடுக்கும். தொடைத் தசைக்கோ வேலையே இருக்காது. அந்தக் காலத்தில் தரையில் அமர்ந்து காய் நறுக்கி, தரையில் அமர்ந்தே சாப்பிட்டு, ஒவ்வொரு முறையும் முழு உடலையும் தூக்கி எழுந்தார்கள். இன்று எல்லாம் மேசை உயரத்துக்கு வந்துவிட்டது.

தொடையில் வலுவிருக்கிறதா என்பதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். சக்கரமில்லாத, உறுதியான ஒரு நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பின்மேல் குறுக்காக வைத்துக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுமையாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ண வேண்டும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு, தடுப்பு நிலையத்தின் அளவுகோலின்படி, 60 முதல் 64 வயதுவரையிலான பெண்கள் 12 முறையாவது, ஆண்கள் 14 முறையாவது எழ வேண்டும். 70 முதல் 74 வயதில் பெண்களுக்கு 10, ஆண்களுக்கு 12. அதற்குக் குறைந்தால், கீழே விழும் ஆபத்து கூடுதல் என்று பொருள். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு படுத்த படுக்கையான முதியவரை அறியாத குடும்பம் நம்மிடையே குறைவு. நாற்பது வயதுக்காரர்களும் ஒருமுறை முயன்று பார்க்கலாம். தோற்றம் வேறு, தொடை வேறு என்பது அப்போது தெரியும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சோதனையே பயிற்சியாகவும் அமைந்துவிடுகிறது. பத்து முறை எழுந்து உட்கார்ந்து, ஒரு நிமிடம் ஓய்ந்து, மறுபடி பத்து. எழும்போது மூச்சை வெளியே விட வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு செய்தால் இரத்த அழுத்தம் திடீரென ஏறும். எளிதாகிவிட்டால் நாற்காலியை விட்டுவிட்டுத் தோப்புக்கரணத்துக்கு மாறலாம். பிள்ளையார் சன்னதியில் மூன்று முறை அவசரமாகப் போட்டுவிட்டு நகர்கிறோமே, அதையே நிதானமாகப் பத்துப் பதினைந்து முறை செய்தால் தொடைக்கும் பிட்டத்துக்கும் நல்ல வேலை. முழங்கால் வலி உள்ளவர்கள் பாதி இறங்கினாலே போதும்.

மேலுடம்புக்குச் சுவர் இருக்கிறது. ஒரு கையளவு தூரம் தள்ளி நின்று, சுவரில் உள்ளங்கைகளை ஊன்றி, முழங்கையை மடக்கி நெஞ்சைச் சுவரருகே கொண்டுபோய்த் திரும்பத் தள்ள வேண்டும். பழகிய பிறகு சுவருக்குப் பதில் சமையலறை மேடை. எடை தூக்க ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் போத்தல் ஒன்றரைக் கிலோ. ஐந்து கிலோ அரிசி மூட்டை எல்லார் வீட்டிலும் உண்டு. தேநீர் கொதிக்கும்வரை குதிகாலை உயர்த்தித் தாழ்த்தலாம். பல் துலக்கும்போது, தொட்டியை ஒரு கையால் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்கலாம். சமநிலைப் பயிற்சிக்கு வேறு நேரம் ஒதுக்க வேண்டியதில்லை.

வீவக புளோக்கில் குடியிருப்பவருக்கு மாடிப்படியைவிடச் சிறந்த இலவசக் கருவி கிடையாது. முன்பு பழைய புளோக்குகள் பலவற்றில் மின்தூக்கி எல்லா மாடிகளிலும் நின்றதில்லை. ஆறாம் மாடிக்காரர் நான்கிலோ ஐந்திலோ இறங்கி மீதியை நடந்துதான் ஏறினார். 2001-இல் மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியபின் வாசலிலேயே வந்து நிற்கிறது. முதியவர்களுக்கும் சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கும் அது பெரிய வரப்பிரசாதம். திடகாத்திரமான முப்பது வயதுக்காரர் மூன்றாம் மாடிக்கு மின்தூக்கிக்காகக் காத்து நிற்பதுதான் இடிக்கிறது. முதலில் இரண்டு மாடி, பிறகு நான்கு என்று கூட்டலாம். இறங்கும்போது முழங்காலில் அதிகப் பாரம் விழுவதால், மூட்டு வலி உள்ளவர்கள் படியில் ஏறி மின்தூக்கியில் இறங்குவது நல்லது.

எப்போது நடப்பது என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 41 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2016-இல் வெளியானது. தினமும் ஏதாவது ஒரு நேரத்தில் 30 நிமிடம் நடப்பதைவிட, மூன்று வேளை உணவுக்குப் பின்னும் பத்துப் பத்து நிமிடம் நடந்தபோது, உணவுக்குப் பிந்திய சர்க்கரை சராசரியாக 12 விழுக்காடு குறைவாக இருந்தது. இரவு உணவுக்குப் பின் 22 விழுக்காடு. நம் வீடுகளில் நாளின் கனமான சாப்பாடே இரவில்தான், அதுவும் தொலைக்காட்சித் தொடர் ஓடும் நேரத்தில். விளம்பர இடைவேளைகளில் எழுந்து கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தாலும் பலன் உண்டு. புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு சுற்று என்றால் இன்னும் நல்லது.

குதிக்கும் பயிற்சிகளை மட்டும் இரவில் தவிர்க்க வேண்டும். கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நாடு கிட்டத்தட்ட வீட்டுக்குள் இருந்த அந்த வாரங்களில், ஜிம்கள் மூடப்பட்டு, கூடத்தில் பாய் விரித்துப் பயிற்சி செய்ய எத்தனையோ குடும்பங்கள் கற்றுக்கொண்டன. கதவுகள் திறந்ததும் பாயைச் சுருட்டி வைத்தவர்களே அதிகம்.

இன்சுலின் போடுபவர்களும் சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளை உட்கொள்பவர்களும் பயிற்சியைத் தொடங்குமுன் மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். சர்க்கரை திடீரெனத் தாழ்ந்தால் வாயில் போட ஒரு மிட்டாய் கையில் இருக்கட்டும். நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு உதவி நாட வேண்டும். மற்றவர்கள் இன்றே நாற்காலியைச் சுவரோரம் போட்டு, 30 விநாடியில் எழுந்த எண்ணிக்கையைச் சமையலறை நாள்காட்டியில் குறித்து வைக்கலாம். கணவன் எண்ணிக்கையையும் மனைவி எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, ஆறு வாரம் கழித்து மறுபடி எண்ணிப் பார்க்கட்டும்.