ஆயுதம் ஓர் அமானிதம்

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



2019ஆம் ஆண்டு மார்ச் மாதம் 15ஆம் நாள். அதுவும் ஒரு வெள்ளிக்கிழமைதான். நியூஸிலாந்து நாட்டின் கிறைஸ்ட்சர்ச் நகரில், அந்நூர் பள்ளிவாசலில் மக்கள் குத்பாவைச் செவிமடுத்துக் கொண்டிருந்தார்கள். அப்போது துப்பாக்கிகளுடன் ஒருவன் உள்ளே நுழைந்தான். பின்னர் லின்வுட் பள்ளிவாசலுக்கும் சென்றான். இரண்டு இடங்களிலும் சேர்த்து 51 பேர் உயிரிழந்தனர். அல்லாஹ் அவர்களை ஷஹீத்களாக ஏற்றுக் கொள்வானாக! கொலையாளியின் பெயரை உச்சரிக்க மாட்டேன் என்று அந்நாட்டின் அன்றைய பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன் கூறினார். நாமும் அப்பெயரை விட்டுவிடுவோம்.

இங்கே நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி வேறு. அந்தத் துப்பாக்கிகள் அவன் கைக்கு எப்படி வந்தன? அவன் அவற்றைத் திருடவில்லை. கள்ளச் சந்தையில் தேடவுமில்லை. 2017 நவம்பரில் முறைப்படி உரிமம் பெற்று, சட்டப்படியே விலை கொடுத்து வாங்கினான். இதுவே நம்மை நிறுத்தி யோசிக்கச் செய்ய வேண்டிய செய்தி.

சட்டத்தில் இருந்த இடைவெளி

நியூஸிலாந்து வேளாண் நாடு. முயல்களும் பாசம்களும் பயிரையும் மரங்களையும் அழிப்பதால் அங்குள்ள விவசாயிகளுக்குத் துப்பாக்கி ஒரு கருவி. மான் வேட்டையும் அங்கே பரவலான வழக்கம். எனவே 1983ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், ஆயுதத்தைக் காட்டிலும் அதை வைத்திருக்கும் மனிதனையே முக்கியமாகக் கருதியது. மனிதன் தகுதியானவனா என்று விசாரித்து உரிமம் வழங்கியது. அவனிடம் எத்தனை சாதாரணத் துப்பாக்கிகள் உள்ளன என்பதைப் பதிவு செய்யவில்லை.

1990இல் அராமோஆனா என்ற சிற்றூரில் ஒருவன் 13 பேரைச் சுட்டுக் கொன்றான். அதன் பிறகு 1992இல் சட்டம் திருத்தப்பட்டது. இராணுவப் பாணியிலான அரைத் தானியங்கித் துப்பாக்கிகளுக்குத் தனி அனுமதி வேண்டும் என்றானது. அரைத் தானியங்கி என்றால், ஒருமுறை விசையை அழுத்தியதும் ஒரு குண்டு பாய, அடுத்த தோட்டா தானாகவே வந்து அமரும் வகை. ஆனால் ஏழு தோட்டாக்களுக்கு மேல் கொள்ளாத மேகஸின் பொருத்தப்பட்டிருந்தால் அத்தகைய துப்பாக்கியைச் சாதாரண உரிமத்திலேயே வாங்க முடிந்தது. பெரிய மேகஸினை வாங்கவோ உரிமமே தேவைப்படவில்லை. இரண்டையும் தனித்தனியே வாங்கி வீட்டில் இணைத்துக் கொண்டால் அது குற்றம். ஆனால் இணைப்பதை யார் பார்ப்பது? இந்த வழியாகத்தான் அவன் சென்றான்.

1997ஆம் ஆண்டிலேயே நீதிபதி தாமஸ் தோர்ப் சமர்ப்பித்த அறிக்கை, துப்பாக்கிகளைப் பதிவு செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்திருந்தது. 22 ஆண்டுகள் கழித்து அந்த வெள்ளிக்கிழமை வந்தபோதும் அது நிறைவேறாமலே இருந்தது.

நற்சான்று அளித்தவர்கள்

உரிமம் கேட்பவரைப் பற்றி அவரை நன்கறிந்த இருவரிடம் காவல்துறை விசாரிக்கும். அவனுக்காகப் பேசியவர்கள் யார்? இணைய விளையாட்டின் மூலம் பழகிய நண்பர் ஒருவரும், அந்த நண்பரின் பெற்றோரில் ஒருவரும்தான். 2020 டிசம்பரில் வெளியான அரச விசாரணை ஆணையத்தின் அறிக்கை, காவல்துறை உரிமம் வழங்கும் பணியை உரிய தரத்தில் செய்யவில்லை என்று சுட்டிக் காட்டியது.

சகோதரர்களே! நாமும் பிறருக்காகச் சான்று அளிக்கிறோம். நிக்காஹ் விசாரணைக்கு வருபவரிடம், வேலைக்கு ஆள் தேடுபவரிடம், வீடு வாடகைக்கு விடுபவரிடம், "நல்ல பையன்தான்" என்று எளிதாகச் சொல்லி விடுகிறோம். சாட்சியம் என்பது மார்க்கத்தில் எத்தனை பாரமான அமானிதம்! அறிந்ததை மட்டும் சொல்வதும், அறியாததை "அறியேன்" என்று கூறுவதும் நம் மீது கடமை. கேட்கப்படும் பொருள் ஆயுதமாக இருக்கும்போது அந்தக் கடமை இன்னும் கனக்கிறது.

சட்டம் செய்தது என்ன?

2019 ஏப்ரல் 10 அன்று, தாக்குதல் நடந்து 26 நாட்களில், நியூஸிலாந்து நாடாளுமன்றம் 119க்கு 1 என்ற வாக்குகளில் பெரும்பாலான அரைத் தானியங்கித் துப்பாக்கிகளையும் பெரிய மேகஸின்களையும் தடை செய்தது. அவற்றை வைத்திருந்தோருக்கு அரசு இழப்பீடு வழங்கியது. அவ்வாண்டு டிசம்பருக்குள் 56 ஆயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் ஒப்படைக்கப்பட்டன. ஒவ்வொரு முறையும் கையால் தோட்டாவை ஏற்ற வேண்டிய வேட்டைத் துப்பாக்கிகள் தடை செய்யப்படவில்லை. விவசாயியின் தேவை மறுக்கப்படவில்லை. 2020இல் மீண்டும் சட்டம் திருத்தப்பட்டு, முதன்முறை உரிமம் பெறுவோருக்கு அது ஐந்தாண்டுகளுக்கு மட்டுமே என்றானது. 2023 ஜூனில் துப்பாக்கிப் பதிவேடு தொடங்கியது.

"ஒருவன் செய்த குற்றத்துக்கு நேர்மையான எங்களை ஏன் கட்டுப்படுத்த வேண்டும்?" என்று அங்குள்ள துப்பாக்கி உரிமையாளர்கள் பலர் கேட்டார்கள். இது புறக்கணிக்கத்தக்க கேள்வியன்று. அவர்களில் மிகப் பெரும்பாலோர் எவருக்கும் தீங்கு செய்யாதவர்கள்.

நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டலில் இதற்கு விடை இருக்கிறது. பள்ளிவாசலிலோ கடைத்தெருவிலோ அம்புகளுடன் செல்பவர், எவரையும் காயப்படுத்தாதிருக்க அவற்றின் முனைகளைப் பிடித்துக் கொள்ள வேண்டும் என்று அவர்கள் பணித்தார்கள். உறையிலிருந்து உருவிய வாளை அப்படியே கைமாற்றுவதைத் தடுத்தார்கள். விளையாட்டுக்காகக் கூட ஒரு சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டலாகாது என்று எச்சரித்தார்கள். இக்கட்டளைகள் யாருக்கு இடப்பட்டன? கொலைகாரர்களுக்கா? இல்லை, நல்லவர்களான அந்தத் தோழர்களுக்கே இடப்பட்டன! அவர்களின் நேர்மையில் சந்தேகம் கொண்டு அவ்வாறு கூறப்படவில்லை. நல்லவன் கையிலுள்ள ஆயுதமும் தவறிக் காயப்படுத்தும் என்பதாலேயே கூறப்பட்டது.

துப்பாக்கியைப் பூட்டி வைப்பதும், பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் காப்பதும், கேட்கும் அதிகாரிக்குக் கணக்குக் காட்டுவதும் அம்பின் முனையைப் பிடித்துக் கொள்வது போன்றவையே. பிடிப்பவருக்கு அது சிறு சிரமம். கூட்டத்தில் நிற்பவருக்கோ அது உயிர்ப் பாதுகாப்பு.

அன்பிற்குரியவர்களே! சட்டம் மட்டும் போதாது, இறையச்சமும் வேண்டும். ஆயினும் இறையச்சம் உள்ளவன் நியாயமான சட்டத்தைச் சுமையாகக் கருத மாட்டான். தன் கையாலும் நாவாலும் பிறருக்குத் தீங்கு நேராதிருக்க, சட்டம் கேட்கும் முன்பே அவன் தன்னைக் கணக்குக் கேட்டுக் கொள்வான்.

யா அல்லாஹ்! தொழச் சென்று திரும்பாத அந்த மக்களுக்கு உயர்ந்த சுவனத்தை வழங்குவாயாக! அவர்களை இழந்த குடும்பங்களுக்கு அழகிய பொறுமையைத் தருவாயாக! எங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களைப் பேணி நடப்போராக எங்களை ஆக்குவாயாக! ஆமீன்.