மருந்து என்னும் பெயரில் வீட்டுக்குள் வரும் நஞ்சு

தமிழ்நாட்டு உழவர் வழக்கில் பயிருக்குத் தெளிக்கும் பூச்சிக்கொல்லி, எலியைக் கொல்ல வைக்கும் நச்சுணவு, காய்ச்சலுக்கு விழுங்கும் மாத்திரை ஆகிய மூன்றுக்கும் ‘மருந்து’ என்ற ஒரே சொல்தான் வழங்குகிறது. தோட்டத்தில் மருந்தடிக்கிறார்கள், பரணில் எலிமருந்து வைக்கிறார்கள், வாழைக்குக் குருணை மருந்து போடுகிறார்கள், தலைவலி வந்தால் மருந்துக்கடைக்குப் போகிறார்கள். நாள்தோறும் புழங்கும் பெயர் ஒரு பொருளின் மீதுள்ள அச்சத்தை மெல்ல மெல்லக் கரைத்துவிடுகிறது. அச்சம் கரைந்த இடத்தில் புட்டி அடுப்படித் திட்டுக்கு வருகிறது, பொட்டலம் மாட்டுக் கொட்டகையின் எறவானத்தில் செருகப்படுகிறது. வீட்டு நாயும் பூனையும் தற்செயலாக நஞ்சுண்டு மடிவதற்கு அவற்றின் வாய்த்துடுக்கைக் காரணம் காட்டுவது வழக்கம் என்றாலும், பெரும்பாலான சாவுகளின் தொடக்கம் மனிதர் நஞ்சை வைத்த இடத்தில்தான் இருக்கிறது.

இந்த உண்மை தேனி மாவட்டத்திலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் கூடுதல் அழுத்தம் பெறுவதற்கு நிலத்தின் அமைப்பே காரணம். முல்லைப் பெரியாற்று நீரால் கூடலூர் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. அதை ஒட்டியே 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சையின் பந்தல்களும், வாழைத் தோட்டங்களும், தென்னந்தோப்புகளும் நெருங்கி நிற்கின்றன. மேலே இடுக்கி மலைகளில் உள்ள ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஜீப்புகளில் நாள்தோறும் வேலைக்குச் சென்று திரும்புவோரும் இப்பள்ளத்தாக்கின் மக்களே. தோட்டத்து வீடுகளில் வயலுக்கும் வாசலுக்கும் இடையில் வேலிகூட இருப்பதில்லை. உத்தமபாளையம் வட்டத்துக் கோம்பை ஊரின் பெயரைத் தாங்கிய நாட்டு நாயினம் காவலுக்குப் பெயர் பெற்றது. காவல் நாய் என்பது இரவெல்லாம் தோட்டத்தைச் சுற்றி வருவது, ஆகவே தோட்டத்தில் உள்ள எதுவும் அதன் மூக்குக்கும் நாக்குக்கும் எட்டும்.

திராட்சைப் பந்தலின் அடியைச் சற்று உற்றுப் பார்த்தால் ஆபத்து வரும் வழி விளங்கும். மருந்து கலக்கும் பிளாஸ்டிக் பீப்பாயைச் சுற்றிச் சிந்திய நீர் குட்டையாகத் தேங்கி நிற்கிறது. கலக்கிய குச்சி அருகிலேயே கிடக்கிறது. தெளிப்பானைக் கழுவிய நீர் வாய்க்காலோடு போகிறது. கோடை வெயிலில் பந்தல் நிழலின் ஈர மண்ணைத் தேடி வரும் நாய் அந்தக் குட்டையில் நீர் குடிக்காவிட்டாலும் அதில் படுத்து எழுகிறது, பின்னர் தன் பாதத்தையும் வயிற்றையும் நக்கிச் சுத்தம் செய்கிறது. தோல் வழியாகவும் வாய் வழியாகவும் நஞ்சு ஒரே நேரத்தில் உடலுக்குள் புகுவதற்கு இவ்வளவே போதும். மருந்தடித்தவரின் சட்டை கொடியில் தொங்கும்போதும் இதே நிலைதான்.

பூச்சிக்கொல்லிப் புட்டியின் மேல் சாய்சதுரமாக ஒரு குறி அச்சிடப்பட்டிருக்கும். அதன் கீழ்ப்பாதி முக்கோணத்தின் நிறம் நஞ்சின் கடுமையைச் சொல்கிறது. 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட 1971ஆம் ஆண்டு விதிகளின்படி சிவப்பு மிகக் கொடியதையும், மஞ்சள் அடுத்த நிலையையும், நீலம் நடுத்தரத்தையும், பச்சை குறைந்த நச்சையும் குறிக்கும். இந்த வரிசை ‘பாதிக் கொல்லளவு’ என்னும் அளவையை அடிப்படையாகக் கொண்டது. அதாவது சோதனை விலங்குகளில் பாதி இறப்பதற்கு ஒரு கிலோ உடல் எடைக்கு எத்தனை மில்லிகிராம் தேவைப்படுகிறது என்ற கணக்கு. சிவப்பு வகைக்கு வாய்வழி அளவு 1 முதல் 50 மில்லிகிராம் வரை. சோதனைச்சாலை எலியின் கணக்கை நாய்க்கு அப்படியே பொருத்த இயலாது என்றாலும், பத்துக் கிலோ எடையுள்ள நாய்க்கு அரை கிராம்கூட உயிருக்கு உலை வைக்கலாம் என்பதை இதிலிருந்து உய்த்துணரலாம். புட்டியோடு வரும் துண்டுத்தாளில் நஞ்சேறியதன் அறிகுறிகளும் மாற்று மருந்தும் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதும் விதியே. அந்தத் தாள் வாங்கிய அன்றே குப்பைக்குப் போய்விடுவது பெரும் இழப்பு. அவசர நேரத்தில் மருத்துவருக்கு அதைவிடப் பயனுள்ள காகிதம் வேறில்லை.

சில நஞ்சுகள் சட்டப்படி விலக்கப்பட்டுவிட்டன. குருணை வடிவில் வாழைக்கும் நெல்லுக்கும் இடப்பட்ட ஃபோரேட் 2020 டிசம்பர் 31 முதல் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டுள்ளது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசையைத் தமிழ்நாடு அரசு தடைசெய்திருக்கிறது. ஆனால் தடைக்கு முன் வாங்கிய பொட்டலம் பரணில் இருந்தால், அது இன்றும் அதே நஞ்சுதான். பழைய இருப்பு உள்ள வீடுகள் அதை வாய்க்காலிலோ குப்பையிலோ எறியாமல், வட்டார வேளாண்மை அலுவலகத்தில் கேட்டுப் பாதுகாப்பாக அகற்ற வேண்டும்.

எலிமருந்துகளில் இரண்டை வேறுபடுத்தி அறிந்துகொள்வது இன்றியமையாதது. ஜிங்க் பாஸ்பைடு என்னும் கருஞ்சாம்பல் நிறப் பொடியைப் பொரிகடலையிலோ கருவாட்டிலோ கலந்து வைப்பார்கள். இரைப்பையின் அமிலத்தோடு சேர்ந்ததும் அது பாஸ்பீன் என்னும் நச்சு வாயுவை வெளியிட்டுச் சில மணி நேரத்தில் கொல்கிறது. இதைத் தின்ற விலங்குக்குச் சோறோ பாலோ கொடுத்தால் இரைப்பை அமிலம் மேலும் சுரந்து வாயு கூடும்; அது எடுக்கும் வாந்தியிலும் அந்த வாயு இருக்கும் என்பதால், அருகில் நிற்பவர்கள் காற்றோட்டமான வெளியில்தான் நிற்க வேண்டும். கட்டியாக விற்கப்படும் புரோமடையலோன் வேறு வகை: அது இரத்தம் உறைவதற்குத் தேவையான வைட்டமின் கே-யின் செயலை முடக்குவது. தின்ற அன்று நாய் வழக்கம்போல் வாலாட்டும்; மூன்று முதல் ஐந்து நாள் கழித்துத்தான் ஈறு வெளுத்தல், மூக்கில் இரத்தம், கறுத்த மலம், மூச்சிரைப்பு தோன்றும். இதற்கு வைட்டமின் கே-1 உறுதியான மாற்று மருந்து. சில வாரங்கள் தொடர்ந்து கொடுக்க வேண்டும், கே-3 இதற்கு உதவாது. ‘நேற்றுத் தின்றது, ஒன்றும் ஆகவில்லை’ என்று ஆறுதல் கொள்வது இந்த நஞ்சின் முன் பெரும் பிழை. மருந்துண்டு தள்ளாடும் எலியைப் பிடிக்கும் பூனைக்கும் இதே ஆபத்து உண்டு.

வேளாண் நஞ்சுகளுக்கு வெளியே, உணவென்று நம்பப்படுபவற்றிலும் ஆபத்து இருக்கிறது என்பதைத் திராட்சை விளையும் ஊர் முதலில் அறிய வேண்டும். திராட்சைப் பழமும் உலர் திராட்சையும் நாய்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியவை. எந்த நாய்க்கு எத்தனை பழம் தீங்கு செய்யும் என்று முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை. அமெரிக்காவின் விலங்கு நச்சு ஆலோசனை மையத்தின் மருத்துவர்கள் 2021இல் டார்டாரிக் அமிலமே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று முன்வைத்தார்கள். புளியைத் தின்ற நாய்களுக்கும் சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டது பதிவானதால் அந்தக் கருத்து வலுப்பெற்றது, ஏனெனில் புளியிலும் அதே அமிலம் மிகுந்திருக்கிறது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் நஞ்சுண்ட விலங்கை வாந்தியெடுக்க வைக்கப் புளிக்கரைசல் ஊற்றுவது நெடுங்கால வழக்கம் என்பதை எண்ணும்போது, இந்தக் கண்டறிதலின் கனம் புரியும். பந்தலடியில் உதிர்ந்த பழங்களைக் காவல் நாய் தின்னாமல் பார்த்துக்கொள்வதும், கழித்த பழக்கூடைகளை மூடி வைப்பதும் சிறு வேலைகளே. வெங்காயமும் பூண்டும் சேர்ந்த மிச்சக் குழம்பு, சாக்லேட் ஆகியவையும் நாய்க்கு ஆகாதவை.

மருந்து என்ற சொல்லின் மயக்கம் இன்னும் இரண்டு இடங்களில் உயிரைக் காவு வாங்குகிறது. பூனைக்குக் காய்ச்சல் என்று எண்ணி மனிதருக்கான பாரசிட்டமால் கொடுப்பது ஒன்று. அம்மாத்திரையைச் செரித்து வெளியேற்றும் கல்லீரல் நொதி பூனையிடம் மிகக் குறைவு; அதனால் இரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறன் அழிந்து ஈறுகள் பழுப்பு நிறமாகின்றன, 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது. மற்றொன்று, உண்ணி ஒழியட்டும் என்று பயிருக்கு அடிக்கும் மருந்தை நீரில் கலந்து நாயைக் குளிப்பாட்டுவது. பயிர் மருந்துக்கும் கால்நடை மருத்துவர் தரும் உண்ணி மருந்துக்கும் அடர்த்தியும் கரைப்பானும் வேறு. நாய்க்கென விற்கப்படும் பெர்மெத்ரின் கலந்த சொட்டு மருந்தைப் பூனையின் மேல் இடுவதும் அதே அளவு கொடிது.

பள்ளத்தாக்கில் புழங்கும் ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகை மருந்துகள் நரம்புகளின் செய்தித் தொடர்பை முறையாக நிறுத்தும் நொதியை முடக்குபவை. வாயில் நுரையும் எச்சிலும் வழிதல், கண்ணீர், கட்டுப்பாடின்றிச் சிறுநீரும் கழிச்சலும் போதல், கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்குதல், தசைத் துடிப்பு, வலிப்பு, மூச்சுத் திணறல் என்ற வரிசையை ஒருமுறை மனத்தில் பதித்துக்கொண்டவர் அதைத் தவறவிட மாட்டார். அட்ரோபின் ஊசி இதற்கான முதன்மை மருந்து. அது மருத்துவரின் கையில்தான் இருக்க வேண்டும். வீட்டார் செய்யத்தக்கவை மூன்று: விலங்கை நஞ்சிருக்கும் இடத்திலிருந்து விலக்குதல், உடலில் மருந்து பட்டிருந்தால் கையுறை அணிந்து சோப்பும் நீரும் கொண்டு கழுவுதல், புட்டியையோ பொட்டலத்தையோ வாந்தியின் சிறு பகுதியையோ எடுத்துக்கொண்டு உடனே புறப்படுதல். உப்புக் கரைசல், சாணிக் கரைசல், தேங்காய் எண்ணெய் ஆகியவற்றை ஊற்றக் கூடாது. உப்பு தானே நஞ்சாகும். எண்ணெய் சில நஞ்சுகள் குடலில் உறிஞ்சப்படுவதை விரைவுபடுத்தும். வலிப்பிலும் மயக்கத்திலும் ஊற்றுவது எதுவானாலும் நுரையீரலுக்குப் போகும். 1962 என்ற எண்ணில் அழைத்தால் கால்நடை அவசர ஊர்தி கிடைக்கும். மாவட்டத்தில் அரசு கால்நடை மருத்துவமனைகளும் தேனி கால்நடை மருத்துவக் கல்லூரியும் உள்ளன. நஞ்சுண்ட முதல் ஓரிரு மணி நேரத்துக்குள் சேர்ந்தால்தான் இரைப்பையிலிருந்து நஞ்சை அகற்றும் சிகிச்சை பயன் தரும்.

சட்டம் இவ்விடயத்தில் எங்கே துணைநிற்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதை வளர்ப்போர் அறிந்திருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவின்படி, தீங்கு செய்யும் நோக்கோடோ தீங்கு நேரும் என்று அறிந்தோ எந்த விலங்கையும் கொல்வதும் அதற்கு நஞ்சிடுவதும் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்கு உரிய குற்றம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டம் பத்து ரூபாய், ஐம்பது ரூபாய் என்று விலங்கின் விலையைக் கொண்டு தண்டனையை வகுத்தது. புதிய சட்டம் அந்த விலைக் கணக்கை நீக்கியது வரவேற்கத்தக்கது. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் வேண்டுமென்றே தீங்கான பொருளைக் கொடுப்பதைக் குற்றமாக்குகிறது, ஆயினும் முதல் குற்றத்துக்கு அதில் விதிக்கப்பட்ட அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். இவை யாவும் நோக்கத்தையும் அறிவையும் தேடுபவை. அலட்சியத்தைத் தண்டிக்கும் நியாய சன்ஹிதாவின் 286ஆம் பிரிவு மனிதருக்கு நேரும் ஆபத்தை மட்டுமே பேசுகிறது. மூடாத பீப்பாயால் பக்கத்து வீட்டு நாய் இறந்தால், உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கோருவதைத் தவிர வேறு வழி அரிது. இந்த இடைவெளி சட்டத்தின் குறையே. ஆனால் குழந்தைகள் விளையாடும் தெருவில் நச்சுணவு வைத்தவருக்கு 286 பொருந்தும் என்பதைப் புகார் எழுதுவோர் மறந்துவிடக் கூடாது.

நஞ்சு விற்பனையில் நடக்கும் முறைகேடுகளுக்குத் தனி வழி உண்டு. பெரிய புட்டியிலிருந்து சில்லறையாகப் பிரித்து, பெயர்த்தாள் இல்லாத புட்டியில் ஊற்றி விற்பதையும், ரசீது தர மறுப்பதையும் பூச்சிக்கொல்லி ஆய்வாளராக அறிவிக்கப்பட்ட வேளாண் அலுவலரிடம் எழுத்தில் தெரிவிக்கலாம். காலிப் புட்டிகளை உடைத்து, குடியிருப்புக்கு அப்பால் புதைக்க வேண்டும் என்று 1971ஆம் ஆண்டின் விதிகளே கூறுகின்றன. கழுவிய புட்டியில் எண்ணெயோ மண்ணெண்ணெயோ ஊற்றி வைக்கும் வழக்கம் அந்த விதிக்கு நேர் எதிரானது.

விலங்கு இறந்துவிட்டால் துக்கத்தில் உடனே புதைத்துவிடுவது இயல்பு. ஆனால் யாரேனும் நஞ்சிட்டார்கள் என்ற ஐயம் இருந்தால், காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுத்து, அரசு கால்நடை மருத்துவரிடம் உடற்கூறாய்வு கோரிய பின்னரே புதைக்க வேண்டும். இரைப்பையும் கல்லீரலும் தடயவியல் ஆய்வுக்குப் போகாமல் நஞ்சின் பெயரை நீதிமன்றத்தில் நிறுவ இயலாது. காவல் நிலையம் புகாரைப் பதிய மறுத்தால், அதை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்பவும், அதன் பின்னும் பயனில்லையேல் நடுவர் நீதிமன்றத்தை நாடவும் சட்டம் இடம் தருகிறது. இவை எல்லாவற்றுக்கும் முன்பாக அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லிவிட வேண்டும். அந்த நச்சுணவின் மிச்சம் இன்னும் தெருவில் கிடக்கக்கூடும்.