காலராக் கிருமியின் மயிரிழைகள்

சித்தூரில் எங்கள் வீட்டுக் குடத்தின் வாயில் ஒரு பழைய சேலைத் துண்டு நாலாக மடித்துக் கட்டப்பட்டிருக்கும். வந்தவாசிப் பக்கத்திலிருந்து பிழைப்பைத் தேடி எங்கள் குடும்பம் இங்கே வந்தபோது ஆயா கூடவே கொண்டுவந்த வழக்கம் அது. ஆயாவின் தம்பி பத்து வயதில் வாந்திபேதியில் போய்விட்டானாம். முதல் நாள் மாலை கோலி விளையாடியவன் மறுநாள் பொழுது சாய்வதற்குள் இல்லை. அன்று முதல் துணியில் வடிக்காத தண்ணீர் ஆயாவின் உதட்டில் பட்டதில்லை.

பி.எஸ்ஸி. வகுப்பில் நாலு பாடம் படித்த கர்வத்தில் நான் ஒரு நாள் கேலி செய்தேன். "ஆயா, ஒரு மில்லிமீட்டர் இடத்தில் காலராக் கிருமிகள் ஐந்நூறு வரிசையாக நிற்கலாம். உன் சேலைக் கண்ணில் அவை ஊர்வலமாகவே போகும்" என்றேன். "போடா, பெரிய படிப்பாளி" என்று சொல்லிவிட்டு ஆயா குடத்தை இறக்கி வைத்தாள்.

நண்பர்களே, என் கணக்கு சரி, முடிவுதான் தவறு. எங்கே தவறினேன் என்பதைத் தேடிப் போனபோதுதான் இந்தக் கிருமியின் மயிர்களோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது. (மயிர் என்றதும் சிரிக்க வேண்டாம். நல்ல தமிழ்ச் சொல். பேச்சு வழக்குதான் அதைக் கெடுத்துவிட்டது.)

1884-இல் ராபர்ட் காக் கல்கத்தாவில் கண்டு உறுதி செய்த இக்கிருமி காற்புள்ளி போல் வளைந்தது. அதன் ஒரு முனையில் நீண்ட வால் ஒன்று உண்டு. நம் மாட்டு வாலைப் போல் அது வீசுவதில்லை. மோட்டார்ப் படகின் விசிறி போல் சுழல்கிறது. அடியிலே புரதங்களால் அமைந்த ஒரு சிறு மோட்டார். சோடியம் அயனிகள் உட்புகும் விசையே அதை ஓட்டுகிறது. உப்பு நீரில் வாழும் உயிர் உப்பையே எரிபொருளாகக் கொண்டது பொருத்தந்தானே? ஒரு விநாடிக்குள் தன் உடல் நீளத்தைப் போல் இருபது முப்பது மடங்கு தூரத்தை அது கடந்துவிடும். குடலின் உட்புறம் பூசியிருக்கும் வழவழப்பான சளிப்படலத்தைத் துளைத்துச் செல்ல இந்த வால் உதவுகிறது.

நீந்திச் சேர்ந்தால் மட்டும் போதுமா? குடலில் எந்நேரமும் ஓட்டம் இருக்கிறது. பிடித்து நிற்காதவன் அடித்துச் செல்லப்படுவான். இங்கேதான் நுண்மயிர்கள் வேலைக்கு வருகின்றன. வாலை விட மெல்லியவை. ஏறக்குறைய பத்தாயிரத்தைப் பக்கம் பக்கமாக அடுக்கினால் நம் தலைமயிர் ஒன்றின் கனம் வரும். ஒரு கிருமியின் மயிர்கள் அடுத்த கிருமியின் மயிர்களோடு முறுக்கிக் கொள்ள, கூட்டமாக அவை குடற்சுவரில் குடியேறுகின்றன. குடியேறிய பிறகே நஞ்சு. நஞ்சு பட்ட குடல் உப்பையும் நீரையும் கொட்டத் தொடங்கும்; கடுமையான நோயாளி மணிக்கு ஒரு லிட்டர் வரை இழப்பதுண்டு. ஆயாவின் தம்பி ஒரே நாளில் போனதற்குக் காரணம் இதுதான்.

அந்த நஞ்சைத் தனியே பிரித்து மெய்ப்பித்தவர் கல்கத்தாவின் சம்புநாத் டே. 1959-இல், கிருமிகளை வடிகட்டி நீக்கிய நீரை முயலின் குடலில் செலுத்தி, கிருமி இல்லாமலே குடல் நீர் கட்டுவதைக் காட்டினார். நம் நாட்டில் அவர் பெயர் இன்னும் போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் குறை.

மயிர்களின் கதை பிறகு வந்தது. நஞ்சைச் சுரக்கும் நிலைமைகளிலேயே இம்மயிர்களும் முளைப்பதை 1987-இல் ரொனால்டு டெய்லரும் அவருடைய தோழர்களும் கண்டறிந்தனர். மறு ஆண்டு அமெரிக்காவில் தாமே முன்வந்தவர்களுக்கு, மயிர் முளைக்காதவாறு மாற்றிய கிருமியைக் கொடுத்துப் பார்த்தபோது, அது அவர்கள் குடலில் நிலைக்க முடியவில்லை. 1996-இல் இன்னும் பெரிய வியப்பு! நஞ்சுக்குரிய மரபணு உண்மையில் கிருமிக்குச் சொந்தமானதன்று. ஒரு வைரஸ் கொண்டுவந்து சேர்த்தது. அந்த வைரஸ் கிருமிக்குள் நுழைய எதைப் பற்றிக் கொள்கிறது தெரியுமா? இதே மயிரைத்தான். நம்மைப் பிடிக்க அது நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டே ஆயுதம் அதனிடம் வந்து சேர்ந்தது.

1992-ஆம் ஆண்டு இறுதியில் சென்னையில் ஒரு புதுவகைக் காலரா தலைகாட்டியது. ஓ 139 என்று எண்ணிட்டு, வங்கக் கடலோரத்தில் பரவியதால் 'வங்காளம்' என்றும் பெயரிட்டார்கள். முன்பே காலராவுக்கு எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்த பெரியவர்களையும் அது விடவில்லை. மேல் உறையின் சர்க்கரைப் பொருள் மாறிவிட்டதால் நம் உடல் அதைப் பழைய பகைவன் என்று அடையாளம் காணவில்லை. ஆனால் சட்டைதான் புதிது; நஞ்சும், பற்றும் மயிரும் பழையனவே.

இனி ஆயாவின் சேலைக்கு வருவோம். குடலுக்கு வெளியே, குளத்திலும் கழிமுகத்திலும் இக்கிருமி தனியாகத் திரிவது குறைவு. இறாலுக்குத் தூரத்து உறவான சிறு நீர்ப்பூச்சிகளின் ஓட்டில் வேறு வகை நுண்மயிர்களால் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. அங்கே இன்னொரு மயிரைத் தூண்டில் போல் வீசி, நீரில் மிதக்கும் டி.என்.ஏ. துணுக்கைச் சுருட்டி உள்ளே இழுக்கவும் செய்கிறது. 2018-இல் இந்தியானா பல்கலைக் கழகத்தார் அதைப் படமே பிடித்துவிட்டனர். கிருமி சேலைக் கண்ணில் புகும், பூச்சி புகாது. பூச்சி தங்கினால் அதைப் பற்றியிருக்கும் கிருமிகளும் தங்கிவிடும். ரீட்டா கால்வெல் அம்மையாரும் வங்காள தேச ஆய்வாளர்களும் மத்லப் பகுதிக் கிராமங்களில் இதைச் சோதித்தார்கள். பழைய சேலையைக் குறைந்தது நாலு மடிப்பாக மடித்து நீர் வடித்த வீடுகளில் காலரா 48 சதவிகிதம் குறைந்தது என்று 2003-இல் வெளியிட்டார்கள். புதுச் சேலையை விடப் பழைய சேலையே மேல். துவைத்துத் துவைத்து நூல் பஞ்சுபோல் விரிந்து கண்கள் சிறுத்துவிடுகின்றன.

மீதி 52 இருக்கிறதே என்று கேட்பீர்கள். அதற்குக் கொதிக்க வைத்தல்தான் வழி. போன பொங்கல் விடுமுறையில் இதையெல்லாம் ஆயாவிடம் விவரித்து, சேலையில் வடித்த பின் காய்ச்சவும் வேண்டும் என்றேன். அவள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "நாலு மடிப்புன்னு அவங்களுக்கு யார்டா சொன்னது?" என்று மட்டும் கேட்டாள்.