பேராமையின் மூச்சும் அகத்தித் தீவின் புல்வெளியும்



பெங்களூரின் காக்ஸ் டவுனில் வாழும் தமிழருக்கும் கடலுக்கும் உள்ள உறவு பெரும்பாலும் மீன் கடையளவில் நின்றுவிடுவதாகும். 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் தம் படையைச் சீரங்கப்பட்டினத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றியபோது, அப்படையைத் தொடர்ந்து தமிழ்க் குடும்பங்கள் பல இங்கு வந்தேறின. அவர்தம் வழிவந்தோர் இன்றும் இப்பகுதியில் பலர் உளர். நகரமோ கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்தது. சென்னைக் கடற்கரைக்கும் இதற்கும் இடையே சுமார் 350 கிலோமீட்டர் தொலைவு. இவ்வாறு கடலினின்று விலகி வாழும் நம்மிடையே, பத்துப் பன்னிரண்டு பேர் குழுவாகக் கூடித் தீவொன்றிற்குச் சென்று, அங்குள்ள பெரிய கடல் விலங்குகளோடு நீந்தி வரும் ஆசை அண்மைக் காலத்தில் பெருகியிருக்கிறது. அவ்வாசை இயல்பானதே. ஆயின் நாம் யாரோடு நீந்தப் போகிறோம், அவ்வுயிர் எவ்வாறு மூச்சு விடுகிறது, எதனை உண்கிறது என்பவற்றை அறிந்து செல்வோர் சிலரே. அவற்றை இன்று சிறிது விளக்கமாகக் காண்போம்.

பெங்களூரிலிருந்து இத்தகைய பயணத்திற்கு ஏற்ற இடம் இலட்சத் தீவு. கன்னியாகுமரிக்குச் செல்லும் இரயில் வண்டியை முதியோர் இன்றும் 'ஐலண்ட் எக்ஸ்பிரஸ்' என்றே அழைப்பர். முற்காலத்தில் அவ்வண்டி கொச்சித் துறைமுகத்திலுள்ள வில்லிங்டன் தீவு வரை சென்றதனால் ஏற்பட்ட பெயர் அது. இலட்சத் தீவுக் கப்பல்களும் கொச்சியிலிருந்தே புறப்படுகின்றன. அகத்தித் தீவில் 1988-ஆம் ஆண்டு முதல் விமான நிலையமும் உண்டு. முன் அனுமதியின்றி வெளியார் எவரும் அங்குச் செல்ல இயலாது. 1967-ஆம் ஆண்டு விதிகள் அவ்வாறு கூறுகின்றன. தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளிக்குமாதலால் அக்காலத்தைத் தவிர்த்துவிடுதல் நலம்.

இத்தீவுகள் தமிழருக்கு முற்றும் அயலானவை அல்ல. 1956-ஆம் ஆண்டு மாநிலங்கள் மொழிவழிப் பிரிக்கப்படும் வரையில் இவை சென்னை இராச்சியத்தைச் சேர்ந்தே இருந்தன. ஒரு பகுதி மலையாள மாவட்டத்தோடும், மற்றொரு பகுதி தென் கன்னட மாவட்டத்தோடும் இணைக்கப்பட்டிருந்தது. 'இலட்சத் தீவு' என்னும் பெயர் 1973-இல்தான் சட்டப்படி வழங்கலாயிற்று. தீவுகள் அனைத்தையும் ஒன்று சேர்த்தாலும் நிலப்பரப்பு 32 சதுரக் கிலோமீட்டரே. மக்கள் வாழும் தீவுகள் பத்து. நிலம் சிறிதாயினும், தீவைச் சூழ்ந்து பவழப் பாறை வேலிபோல் அமைய, அவ்வேலிக்கு உள்ளே அலையடங்கிய, ஆழங்குறைந்த நீர்ப்பரப்புப் பரந்து கிடக்கிறது. இதனை ஈழத்துத் தமிழர் 'களப்பு' என்பர். நல்ல சொல், நாமும் அதனையே கையாள்வோம்.

அகத்தியின் களப்பில் நீந்துவோர் காணும் பெரிய விலங்கு பச்சை ஆமை. நம் கடற்கரை மீனவர் இதனைப் பேராமை என்று வழங்குவர். இதன் ஓடு ஒரு மீட்டருக்கும் மேல் நீண்டிருக்கும்; எடை 150 கிலோவை எட்டுவதும் உண்டு. பச்சை என்னும் அடைமொழி ஓட்டின் நிறத்தால் வந்ததன்று, உடலினுள்ளே இருக்கும் கொழுப்பின் நிறத்தால் வந்தது. இளமையில் சிறு உயிர்களையும் தின்னும் இவ்வாமை, வளர்ந்தபின் பெரும்பாலும் கடற்புல்லும் பாசியுமே மேய்ந்து வாழ்கிறது. முட்டையிடும் பருவம் எய்துவதற்கு இருபது, முப்பது ஆண்டுகளும், சில கடல்களில் அதற்கு மேலும் ஆகின்றன. ஆகவே களப்பில் நம் கண்முன் மேயும் பேராமை, நம் குழுவிலுள்ள இளைஞர் சிலரினும் வயதில் மூத்ததாக இருத்தல் கூடும்.

இனி இதன் மூச்சைப் பற்றிக் கூற வேண்டும். குழுவாகச் செல்வோர் முதன்மையாக அறியவேண்டியது இதுவே.

ஆமைக்குச் செவுள் இல்லை. நம்மைப் போன்றே நுரையீரலால் காற்றை இழுத்து உயிர்ப்பது. ஓய்ந்து உறங்கும்போது மணிக்கணக்கில் மூச்சடக்கிக் கிடக்க வல்லது. மேயும்போதும் நீந்தும்போதும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலெழுந்து வரும். தலையை நீருக்கு வெளியே நீட்டி, ஓரிரு நொடிகளுக்குள் பழைய காற்றை விட்டுப் புதுக்காற்றை நிரப்பிக்கொண்டு மீண்டும் அமிழ்ந்துவிடும். அச்சமுற்று விரைந்து நீந்தும் ஆமைக்கோ சேமித்த காற்று வெகுவிரைவில் செலவாகிவிடும். வலையில் அகப்பட்ட ஆமை ஒரு மணி நேரத்திற்குள்ளாகவே மூழ்கி இறப்பதன் காரணம் இதுவே. கடலில் வாழும் உயிர் கடலிலேயே மூழ்கி இறக்குமா என்று வியப்போர் உண்டு, இறக்கும்.

மனிதனின் நிலையை நோக்குவோம். முகத்தில் கண்ணாடியும் வாயில் 'ஸ்நார்க்கல்' எனப்படும் மூச்சுக் குழலும் பொருத்திக்கொண்டு அவன் நீர்மேல் குப்புற மிதக்கிறான். அக்குழல் ஒரு முழத்திற்கும் குறைவான நீளமே உடையது. நீண்ட குழல் செய்தால் இன்னும் ஆழத்தில் கிடந்து பார்க்கலாமே என்று சிறுவர் வினவுவர். ஒரு மீட்டர் ஆழத்திலேயே நீரின் அழுத்தம் மார்பை இறுக்கும். மேலிருந்து காற்றை இழுக்க மார்பின் தசைகள் திணறும். அன்றியும் நீண்ட குழலில் நாம் விட்ட கெட்ட காற்றே நிறைந்து நிற்கும். அதனையே மீண்டும் இழுக்க நேரிடும். ஆகையால் குழலோடு நீந்துபவன் நீரின் மேற்பரப்பை விட்டு அகல முடியாது. ஆமை மூச்சுக்காக வந்து சேரும் இடமும் அதே மேற்பரப்புத்தான்.

பன்னிருவர் ஓர் ஆமையைக் கண்டதும் என்ன செய்கின்றனர்? ஒருவர் 'ஆமை, ஆமை' என்று கூவ, அனைவரும் அவ்விடம் விரைந்து, அதன் தலைக்கு மேலே வட்டமாகக் கூடிவிடுகின்றனர். மேலிருந்து பார்க்கும் நமக்கு அது விழாக்கூட்டம். கீழிருந்து பார்க்கும் ஆமைக்கோ பானைமேல் இட்ட மூடி. மேலெழ முயலும் ஆமை மனித நிழலைக் கண்டு திரும்புகிறது, வேறிடம் நோக்கி விரைகிறது, நாமும் பின்தொடர்கிறோம். தனி ஒருவன் செய்யக்கூடிய தீங்கினும் குழு செய்யும் தீங்கு பன்மடங்காவது இதனாலேயே. அதில் எவரது கொடுமையும் இல்லை, ஆர்வமே காரணம்.

இதற்கு மாற்று எளிது. குழு முழுதும் ஆமையின் ஒரே பக்கத்தில், ஒருவர்க்கு அருகே ஒருவராக வரிசையில் மிதத்தல் வேண்டும். அதன் முன்புறமும் ஆழ்கடல் செல்லும் வழியும் திறந்தே இருத்தல் வேண்டும். பன்னிருவரை இரண்டு, மூன்று சிறு குழுக்களாகப் பிரித்து முறை வைத்து இறக்கினால் இன்னும் நன்று. ஆமை மேலெழும்போது நாம் அசையாது நின்றால், அது நமக்குச் சில அடி தொலைவிலேயே தலை நீட்டி மூச்செறியும் ஒலியைக் கேட்கலாம். துரத்தியவர் எவரும் அவ்வொலியைக் கேட்டிலர்.

தொலைவைக் கணிப்பதில் ஒரு வேடிக்கை உண்டு. நீருக்குள் கண்ணாடி வழியே காணும் பொருள், ஒளி விலகலால், மெய்யான தொலைவில் முக்கால் பங்கிலேயே இருப்பதுபோல் தோன்றும். அளவிலும் மூன்றில் ஒரு பங்கு பெருத்துக் காட்டும். நான்கு மீட்டருக்கு அப்பால் உள்ள ஆமை மூன்று மீட்டரில் இருப்பதாகத் தெரியும். எனவே மூன்று மீட்டர் விலகி நிற்பதாக எண்ணுபவன் உண்மையில் நான்கு மீட்டர் விலகி நிற்கிறான். பிழை ஆமையின் பக்கமே சாய்கிறது, நல்லதுதான்.

சட்டமும் இதில் தெளிவாக உள்ளது. 1972-ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் நம் கடலாமைகள் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. 'வேட்டை' என்னும் சொல்லுக்கு அச்சட்டம் தரும் பொருளில் கொல்லுதல் மட்டுமன்றி, பிடித்தல், விரட்டி ஓட்டுதல், இரை காட்டி ஈர்த்தல் ஆகியனவும் அடங்கும். ஆமையின் ஓட்டைப் பற்றிக்கொண்டு சவாரி செய்து படம் எடுப்போர் இதனை அறிந்திருத்தல் நலம்.

நீச்சல் பயிற்சியைப் பற்றி ஒரு சொல். அல்சூர் ஏரியருகே மாநகராட்சி நீச்சற்குளம் இருக்கிறது. காக்ஸ் டவுனிலிருந்து அதிகத் தொலைவில்லை. அங்கேயே கண்ணாடியும் குழலும் அணிந்து பழகிவிட்டுச் செல்லுதல் சாலச் சிறந்தது. குளத்தில் பழகாதவன் கடலில் தண்ணீர் குழலுக்குள் புகுந்ததும் பதறிக் காலை ஊன்றுவான். காலின்கீழ் இருப்பது தரையன்று, உயிருள்ள பவழம். உருண்டைப் பவழங்கள் பல, ஆண்டிற்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்பவை. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் மிகச் சூடேறியதால் இலட்சத் தீவின் பவழங்கள் பெருமளவில் வெளுத்து மாண்டன, 2024-இலும் வெளுத்தன. எஞ்சியவற்றின்மேல் நாம் கால் வைக்கலாகாது.

இனி அகத்தியின் புல்வெளிக்கு வருவோம். சுற்றுலா செல்வோர் காதில் பெரும்பாலும் விழாத வரலாறு இது.

முற்காலத்தில் தீவினர் ஆமையைப் பிடித்து அதன் நெய்யை எடுத்து, மரப் படகுகளில் நீர் புகாதபடி பூசி வந்தனர். சட்டம் வந்தது, வேட்டை குறைந்தது, ஆமைகள் பெருகின. 2000-ஆம் ஆண்டிற்குப் பிற்பட்ட காலத்தில் அகத்தியின் களப்பில் பேராமைகள் மிக அதிகமாகக் கூடின. அவற்றை உண்ணும் பெருஞ்சுறாக்கள் குறைந்ததும் இதற்கு ஒரு காரணமாகலாம் என்பர் அறிஞர். 1996-இல் மைசூரில் தோன்றிய இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இக்களப்பைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தனர். ஆமைகள் இடைவிடாது மேய்ந்ததால் அடர்ந்து நின்ற கடற்புல் கட்டையாகக் குறுகியது. மெல்ல வளரும் அகன்ற இலைப் புல் அருகி, வேறு வகைப் புல் இடம்பிடித்தது. நாளடைவில் புல்வெளியே தேய்ந்தது. மீன்குஞ்சுகள் ஒளிந்து வளரும் தொட்டில் அப்புல்வெளி. புல் குன்றிய இடத்தில் மீனும் குன்றியது.

அகத்தி மீனவரின் முறையீடு இங்கேதான் எழுந்தது. தீவினரின் முதன்மைத் தொழில் சூரை மீன் பிடித்தல். தூண்டிற் கோலால் ஒவ்வொன்றாகப் பிடிக்கும் இம்முறைக்கு உயிருள்ள சிறுமீன் இரையாக வேண்டும். அச்சிறுமீன் களப்பிலிருந்து கிடைப்பது. அன்றாடக் குழம்புக்கான மீனும் களப்பிலிருந்தே வரவேண்டும். 'ஆமையைக் காப்பாற்றினீர்கள், எங்கள் மீனை யார் காப்பாற்றுவார்?' என்னும் கருத்தில் அவர்கள் முறையிட்டது நியாயமற்றதென்று சொல்ல இயலாது. புல் தீர்ந்தபின் ஆமைகள் கூட்டமாக வேறு தீவுகளின் களப்புக்களை நாடிச் சென்றன. நாம் கண்டு மகிழும் ஆமைக் கூட்டம் தீவினர் ஒருவருக்குப் போட்டிக் கூட்டமாகவும் தோன்றலாம் என்பதை அங்கே செல்வோர் மனத்திற் கொண்டால், படகோட்டியோடு பேசும் பேச்சே வேறாக அமையும். எனது கருத்தில், ஆமையைக் காட்டி அழைத்துச் செல்லும் படகுக் கூலி தீவினர் கைக்கே சேரும்படி பயணத்தை அமைத்துக்கொள்வது முறை.

களப்பிற்கு வெளியே கொம்புத் திருக்கையும் காணக் கிடைக்கும். இறக்கை விரிப்பு நான்கு மீட்டருக்கும் மேற்பட்டதாயினும், மிதக்கும் நுண்ணுயிர்களை வடித்து உண்ணும் சாதுவான மீன் இது. வாலில் நச்சு முள்ளும் இல்லை. இலட்சத் தீவிற்குத் தெற்கே மாலத் தீவின் ஹனிபாரு விரிகுடாவில் இவை நூற்றுக்கணக்கில் கூடுவதுண்டு. அங்கே காற்றுக் கலன் கட்டிக்கொண்டு மூழ்குதலை 2012 முதல் தடை செய்து, குழல் நீச்சலை மட்டும் அனுமதித்து, அதற்கும் 45 நிமிட எல்லை வகுத்திருக்கின்றனர். நம் நாட்டுச் சுற்றுலாத் துறையினரும் நோக்கத்தக்க ஏற்பாடு.

கடற்புல்லை மேயும் பெருவிலங்கு வேறொன்றும் நம்மிடம் உண்டு. தமிழ்நாட்டுக் கடலில் வாழும் ஆவுளியா, அதாவது கடற்பசு. மூன்று மீட்டர் நீளம், 400 கிலோ எடை; நாளொன்றுக்கு 30 கிலோவிற்கும் மேல் புல் தின்னும். மூன்று முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே கன்று ஈனும். அகத்தியில் மேய்வன மிகுந்து புல் அழிந்தது. பாக்கு நீரிணையிலோ மேயும் ஆவுளியா அருகிவிட்டது. 1959-இல் பிடிபட்ட ஓரிணையை மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் தொட்டியில் விட்டு, கடற்புல் கொண்டுவந்து ஊட்டி, பத்தாண்டுகளுக்கு மேல் வளர்த்தனர். 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுரக் கிலோமீட்டர் பரப்பு ஆவுளியாக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

ஆவுளியாவோடு நீந்தி வர எந்தக் குழுவும் அங்குச் செல்ல இயலாது. கலங்கிய நீரில் மேயும் கூச்சமுள்ள விலங்கு. மனித அரவம் கேட்டால் அகன்றுவிடும். மன்னார் வளைகுடாவின் தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்காவாகக் காக்கப்படுகின்றன. அதற்கு மிக அருகே செல்ல வாய்க்கப் பெறுவோர் அக்கரை மீனவரே. வலையில் ஆவுளியா அகப்பட்டால், அது மூச்சடங்கி இறப்பதற்குள் வலையை அறுத்து, ஆழ்நீர் வரை கொண்டு சென்று விட்டுவிடுகின்றனர். அறுந்த வலையின் இழப்பு சிறிதன்று. வனத்துறையினர் அவர்களைப் பாராட்டிப் பரிசும் வழங்கி வருகின்றனர்.