எங்கள் பெயர்கள்: பொருளும் உச்சரிப்பும்

குழந்தை பிறந்து ஏழாம் நாள் முடியிறக்கி, அகீகா கொடுத்துப் பெயர் வைப்பது எமது வழக்கம். வாப்பாவோ வீட்டின் மூத்தவரோ பெயரை அரபு ஒலியோடு சொல்லிவிடுவார். அதைத் தமிழில் எழுதிப் பதிவாளரிடம் கொடுக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

ஸாஹிரா என்ற பெயரைப் பாருங்கள். ஒளிர்பவள் என்று பொருள். அதன் முதலெழுத்து 'ஸாய்', தேனீ இரைவது போன்ற ஒலியுடையது. அதற்குத் தமிழில் எழுத்தில்லை. ஆகவே இலங்கையில் நாம் 'ஸ' எழுதுகிறோம். தமிழ்நாட்டில் பலர் 'ஜ' எழுதுவர். 1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்த அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் அங்கே பிறந்திருந்தால் 'அஜீஸ்' ஆகியிருக்கவும் கூடும். அதே ஸாஹிராவை வெறும் 'ஸீன்' ஒலியோடு, 'ஹ'வைத் தொண்டையிலிருந்து அழுத்திச் சொன்னால் சூனியக்காரி என்றாகிவிடும்! தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் வேறுபாடில்லை. சொல்லிக் கொடுக்கும் வாய்தான் காப்பாற்ற வேண்டும்.

நபியவர்களுக்குப் பாலூட்டிய அன்னை ஹலீமா. பொறுமையும் சாந்தமும் உடையவள் என்பது பொருள். நமது பேச்சில் 'ஹ' விழுந்து 'அலீமா' ஆனால், அறிந்தவள் என்ற வேறொரு பெயர் அது. ஆமினா என்றால் அச்சமற்றவள், அமீனா என்றால் நம்பிக்கைக்குரியவள். ஒரு நெடில் இடம் மாறினால் ஆளே மாறிவிடுகிறார்.

கதீஜாவின் நேர்ப்பொருளைக் கேட்டுச் சில பெற்றோர் திகைப்பதுண்டு: குறைமாதத்தில் பிறந்தவள். ஆனால் அப்பெயரை நாம் வைப்பது அகராதிக்காக அல்ல, அன்னை கதீஜா நாயகிக்காகவே.

எம்மில் அதிகம் காணப்படுவது பாத்திமா. பால்மறக்கச் செய்தல் என்ற வேரிலிருந்து வந்த சொல். முதலொலிக்காகச் சிலர் ஆய்தம் சேர்த்து 'ஃபாத்திமா' என எழுதுகின்றனர். தொல்காப்பியர் காலத்து ஆய்தத்துக்கு இந்த வேலை இல்லை என்று தமிழாசிரியர்கள் கடிந்துகொள்வார்கள்; எனக்கு அதில் குறை தெரியவில்லை. ஆங்கிலத்தில் நாம் 'த'வுக்காக 'டீ'யும் 'எச்'சும் சேர்த்து எழுத, லண்டனில் உள்ளவர்கள் நாக்கைப் பல்லிடையே நீட்டி வேறுவிதமாக வாசிக்கிறார்கள். அவர்களைச் சொல்லியும் பயனில்லை. அருகிலுள்ள வேல்ஸ் நாட்டில் ஒற்றை 'எஃப்' எழுத்தே 'வ' என்றுதான் ஒலிக்குமாம்.

எமது மூதாதையர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். அதுதான் அரபுத்தமிழ். அரபு எழுத்திலேயே தமிழை எழுதி, அரபியில் இல்லாத ட, ப, ழ போன்ற ஒலிகளுக்குப் புள்ளிகள் சேர்த்துப் புதிய எழுத்துகளை அமைத்துக்கொண்டனர். பெயர்கள் சிதையாமல் இருந்தன. என் உம்மம்மாவுக்கு அது சரளமாக வரும். எனக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க மட்டுமே தெரியும்.

இது வெறும் ஒலிப் பிரச்சினையல்ல. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது பலர் பத்திரங்களை எடுத்துச் செல்லவில்லை. என் மச்சி ஒருத்திக்குப் புத்தளத்தில் பாடசாலைப் பதிவில் 'சீனத்' என்று எழுதினார்கள். பின்னர் கிடைத்த பிறப்புச் சான்றிதழில் 'ஸீனத்'. அடையாள அட்டையின் ஆங்கிலத்தில் இன்னொன்று. அழகு, அலங்காரம் எனப் பொருள்படும் அப்பெயருக்குரியவள் தான் ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி முடிக்க வேண்டியதாயிற்று.

ஆகவே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பெயரை முதலில் ஒரு மௌலவியிடம் அரபியில் எழுதி வாங்குங்கள். அதன் கீழே தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே தடவை தீர்மானித்து எழுதுங்கள். பதிவாளரிடமும், பின்னர் பாடசாலையிலும் அந்தத் தாளையே காட்டுங்கள். கையொப்பமிடுமுன் அவர்கள் எழுதியதை உரத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.